லாபம், ஒண்ணு, ரெண்டு

ஐந்து மிட்டாய்களை எண்ணி, நான்கு என்று அறிவித்தவன் நான்.

சின்ன வயதில் செய்திருந்தால் இதைப் பெருமையாகவே எழுதியிருப்பேன். செய்தது அண்மையில், ஒரு கோடையின் கடைசியில், கண்ணாடி இல்லாமல் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாத இந்த வயதில். ஒரு நர்சரிப் பள்ளியின் தலைமையாசிரியை அறை. மேஜைமேல் எவர்சில்வர் தட்டு. தட்டில் மிட்டாய். ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, "நாலு!" என்றேன். குரலில் துளி சந்தேகம் இல்லை.

அறையில் என்னைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை. ஊரே அவரை மேடம் என்றுதான் சொல்லும். இந்தப் பக்கம் எங்கள் எதிர்வீட்டுப் பர்வீன். எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய மகள் நசீமா, எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடையோடு. ஐந்து வயது. எண்ணத் தெரிகிறதா என்று பரீட்சை நடந்தது நசீமாவுக்கு. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு முதலில் மிட்டாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஃபினாயிலும் புதுப் புத்தக அட்டையும் கலந்த வாசனை. மின்விசிறி 'கடக் கடக்' என்று தன் பங்குக்கு எண்ணிக்கொண்டிருந்தது. பர்வீன் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எப்படி வாத்தியார் ஆனேன் என்பதைச் சொல்லாமல் அந்த அறையை விட்டு வெளியே வர முடியாது. இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற நாலு பேரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு என்பது என் எண்ணிக்கை. ஐந்தாகவும் இருக்கலாம்.

மோர் இல்லீங்க மேடம்

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவின் ஒரு கோடியில் போர்வெல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. மறு கோடியில் பஷீரின் முட்டைக் கடை. பஷீர், பர்வீனின் கணவர். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும் முட்டையை அட்டை அட்டையாக இறக்கி, உள்ளூர்க் கடைகளுக்கும் கேரளா போகும் வண்டிகளுக்கும் ஏற்றி அனுப்புவார். ஒரு பக்கம் சம்மட்டி அடி, இன்னொரு பக்கம் முட்டை. இரண்டும் சந்திக்காமல் இத்தனை காலம் ஓடுவதை எங்கள் தெருவின் சாதனை என்று நான் நினைப்பதுண்டு.

கோடை விடுமுறையில் ஒரு நாள் பர்வீன் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, வேலையா இருக்கீங்களா?"

நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதை வேலை என்று சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. "இல்லம்மா, சும்மாதான்" என்றேன்.

"நசீமாவ ஒண்ணாவதுக்கு ஏத்த மாட்டாங்களாமுங்க. யூகேஜியிலயே இன்னொரு வருசம் உக்காரட்டும்ங்கறாங்க. எது ஜாஸ்தி, எது கம்மின்னு இவளுக்குச் சொல்லத் தெரியலையாமா."

"என்ன கேட்டாங்க?"

"ரெண்டு கிண்ணத்தக் காட்டி 'விச் இஸ் மோர்?'னு கேட்டாங்க மேடம். இவ ரெண்டையும் எட்டிப் பாத்துப்போட்டு, 'மோர் இல்லீங்க மேடம், பாசிமணிதான் இருக்குது'ன்னு சொல்லிப்போட்டா."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கண்ணா. அப்புறம் தமிழ்லயேதான் கேட்டாங்க. 'இந்தக் கிண்ணத்துல அஞ்சு இருக்குது, அந்தக் கிண்ணத்துல எத்தனைன்னு எண்ணு, எதுல ஜாஸ்தி'ன்னு. அதுல ஆறு இருந்துதுங்க. நானே பாத்தேன். இவ எண்ணிப் பாத்துட்டு ரெண்டும் சமம்ங்கறா. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னால இன்னொருக்கா கூட்டிட்டு வாங்க, அப்பவும் சொல்லலைன்னா யூகேஜிதான்னு சொல்லிட்டாங்க."

நசீமா அம்மாவின் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பியும் யூகேஜி வாரான் மாமா. அவன் கூட ஒரே கிளாஸ்ல உக்கார மாட்டேன்."

"ஏன் சாமி?"

"அவன் என்னைய விட ஒசரமுங்க. எல்லாரும் அவனத்தான் அண்ணன்ம்பாங்க."

தம்பி இம்ரான் அவளுக்கு ஒரு வயது இளையவன். ஆனால் வீட்டு வியாபாரத்துக்கு விளம்பரம் போல, முட்டை முட்டையாக வளர்ந்தவன். நசீமா அவன் தோளுக்குத்தான் வருவாள். தம்பியை அண்ணன் என்று ஊர் சொல்லப்போகிறது. இதைவிடப் பெரிய ஆபத்தை ஐந்து வயதில் யாரும் சந்தித்திருக்க முடியாது.

"நீங்க இத்தன புத்தகம் வெச்சிருக்கீங்க. கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணா" என்றாள் பர்வீன்.

ஒப்புக்கொண்டேன். உள்ளேயிருந்து என் மனைவி வசந்தாவின் குரல் வந்தது: "உங்க கணக்கு அவளுக்குத் தெரியாது, பாவம்."

மிச்சமாக நின்றவன்

'அதிகம்' என்ற சொல்லை நான் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

எடப்பாடியில் நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது சரோஜா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பக்கத்து வீதிகளின் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் பிறவியிலேயே உரத்த குரல். ஒரு நாள் எங்களை வெளியே கூட்டிப்போய், பையன்களை ஒரு வரிசையிலும் பெண்களை எதிர் வரிசையிலும் நிறுத்தினார். "எதிர்ல நிக்கறவங்க கையப் புடிச்சுக்குங்க!" என்றார்.

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் என் எதிரே ஒரு வேப்பமரம்தான் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க. பசங்க அதிகமா, புள்ளைங்க அதிகமா?"

"பசங்க!"

"எப்படித் தெரியும்?"

மொத்த வகுப்பும் என்னைக் கைகாட்டியது. அந்த வகுப்பில் 'அதிகம்' என்பது நான்தான். பிற்காலத்தில் பல கல்யாணப் பந்திகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் அதே உணர்வு எனக்கு வந்திருக்கிறது.

நான் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்த டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புத் தூள் ஒட்டிய, சொரசொரப்பான கை. வகுப்புக்குள் திரும்பும்வரை விடவில்லை. எதிர் ஆள் இருந்த எவனுக்கும் டீச்சர் கை கிடைக்கவில்லை. கணக்கில் நான் கடைசிவரை மக்காகவே இருந்தேன், ஆனாலும் கணக்கின்மேல் எனக்குக் கோபம் வராமல் போனதற்கு அந்தக் கைதான் காரணம். நசீமாவின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த வேப்பமரம் ஞாபகத்துக்கு வந்தது.

தட்டுவடைக் கல்வி

முதல் நாள், எண்கள் உலகில் தோன்றிய வரலாறு பற்றி ஒரு சிறு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். பாபிலோனைத் தாண்டுவதற்குள் நசீமா கொட்டாவி விட்டாள். "மாமா, எப்பங்க எண்ணறது?"

புளியங்கொட்டையை இரண்டு குவியலாக வைத்தேன். "எதுல ஜாஸ்தி?"

இரண்டையும் எண்ணி, பட்டென்று சொன்னாள். சரி. மாற்றி வைத்தேன். சரி. ஒரு குவியலை நெருக்கமாகவும் இன்னொன்றை நீளமான வரிசையாகப் பரப்பியும் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் நீளமாக இருப்பதையே அதிகம் என்று நம்பிவிடும் என்று படித்திருந்தேன். நசீமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தம்பி இப்படித்தாங்க பரப்பி வெச்சு ஏமாத்துவான்" என்று சொல்லி, எண்ணி, சரியாகவே சொன்னாள்.

பிறகு எங்கே தகராறு? மேடம் கேட்ட மாதிரியே கேட்டேன். "இதுல அஞ்சு இருக்குது. அதை நீ எண்ணு. எதுல ஜாஸ்தி?" ஆறு கொட்டை வைத்திருந்தேன். எண்ணினாள். "ரெண்டும் சமமுங்க."

இரண்டையும் அவளே எண்ணினால் சரி. ஒன்றை நான் எண்ணிச் சொன்னால் தப்பு. நான் அலமாரியிலிருந்து மூன்று தடித்த புத்தகங்களை இறக்கினேன். குழந்தைக்குப் பிறர் வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். வசந்தாவிடம் சொன்னேன். "புத்திசாலிப் புள்ள" என்றாள்.

கொட்டை அலுத்தபோது தட்டுவடைக்கு மாறினோம். கடைவீதியில் விற்கிற, தட்டையான, மொறுமொறுவென்ற சின்னத் தட்டுவடை. எண்ணி முடித்ததைத் தின்னலாம் என்பது விதி. விதியை வகுத்தவன் நான் என்பதால் அதன் பலன் பெரும்பாலும் எனக்கே வந்தது.

தட்டுவடை பெரிய சாமான் என்பதால்தான் கண்ணில் பட்டது. எண்ணத் தொடங்குமுன் நசீமா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, ஒரு தட்டுவடையை ஓரமாகத் தள்ளினாள். அடுத்ததைத் தொட்டுத்தான் "ஒண்ணு" என்றாள்.

"முதல்ல ஒண்ணத் தள்ளுனியே, அத ஏன் சாமி எண்ணலை?"

"எண்ணுனனுங்களே."

"என்னன்னு எண்ணுன?"

"லாபமுன்னு."

நெல்லோ கடலையோ அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது நம் பக்கத்து வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். (நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. என்னை மட்டும் யாரும் அப்படி எண்ணவில்லை.) பஷீரும் வண்டியில் அட்டை ஏற்றும்போது "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார். நசீமா தவழ்ந்த நாளிலிருந்து கேட்கிற குரல் அது.

"அத்தா லாபத்துலதான் ஆரம்பிப்பாங்க மாமா. மிஸ்ஸு ஒண்ணுலதான் ஆரம்பிக்கோணும்னு சொன்னாங்க. நான் ரெண்டு பேரு சொல்றதையும் கேட்டுக்கறேனுங்க."

லாபம், ஒண்ணு, ரெண்டு. இரண்டு குவியலையும் அவளே எண்ணும்போது இரண்டிலும் ஒன்று குறையும், அதனால் எது பெரிது என்பது மாறாது. மேடம் எண்ணியதோடு ஒப்பிட்டால் மட்டும் அவள் பக்கம் ஒன்று குறைந்துவிடும். அப்பாவையும் ஆசிரியையையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த ஒரு தட்டுவடைதான் செலவு. பெரியவர்கள் இதைவிட எவ்வளவோ செலவழித்தும் இரண்டு பக்கமும் கெட்ட பேர் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

நட்டமாயிருமுங்க

நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் தோரணையில் விளக்க ஆரம்பித்தேன்.

"லாபம்னாலும் ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான் சாமி."

நசீமா யோசித்தாள். "லாபம் ஒண்ணுங்களா?"

"ஆமா."

"ஒண்ணும் ஒண்ணுங்களா?"

"ஆமா!"

"அப்ப ரெண்டாச்சுங்களே."

இதற்குப் பதில் என் மூன்று புத்தகங்களிலும் இல்லை. "செரி, லாபத்த விட்டுரு. ஒண்ணுல இருந்து எண்ணு" என்று அதட்டலாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கியது. தட்டுவடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேண்டாமுங்க மாமா. அத்தாவுக்கு நட்டமாயிரும்."

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. எப்போதோ ஒரு நாள் மிஸ் சொன்னபடி, லாபம் சொல்லாமல் வகுப்பில் எண்ணியிருக்கிறாள். அன்று சாயங்காலம் பார்த்து, பஷீரின் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதில் பின்னாலிருந்த அட்டைகள் சரிந்து முட்டையெல்லாம் உடைந்துபோயின. பஷீர் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இன்னிக்கு நட்டம்" என்றாராம். அதைக் கேட்டுக்கொண்டு நசீமா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். காரணம் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வகுப்பிலும் வாய்க்குள் ஒரு லாபம்.

நான் பர்வீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையில் வைத்திருந்த டீ டம்ளரை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என்ற தங்கம், இத ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?" நான் இரண்டு பேரையும் பார்க்காமல் டீயைக் குடித்தேன். அந்த டீக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் முகத்தை மறைக்க எனக்கு வேறெதுவும் இல்லை.

மறுநாள் கடையில் பஷீர் அவளைக் கல்லாப்பெட்டி மேலே உட்கார வைத்து விளக்கினார். "அது வேகத்தடையால வந்த நட்டம்டா தாயி. நீ எண்ணுனதால முட்டை உடையுமா? நானு பாட்டுக் கேட்டுத் தலைய ஆட்டிட்டே வண்டி ஓட்டுனேன், அதான்."

நசீமாவுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதிக்கு அவளே ஒரு வழி சொன்னாள்.

"அப்ப ஸ்கூல் வாசல்லயே ஒருக்கா லாபம் சொல்லிக்கறேன். உள்ள போயி ஒண்ணுல இருந்து எண்ணறேன். செரிங்களா?"

பஷீர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைய நாள் முழுவதற்குமான லாபத்தை வாசலிலேயே முன்கூட்டி எடுத்துவைக்கிற அந்தத் திட்டத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் தென்படவில்லை.

மீதியிருந்த நாட்களில் இரண்டு முறையிலும் மாற்றி மாற்றி எண்ணிப் பழகினோம். கடை முறையில் ஒருக்கா, பள்ளி முறையில் ஒருக்கா. அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. பாதிப்பு எனக்குத்தான். சாப்பிடும்போது வசந்தா "எத்தனை இட்லி ஆச்சு?" என்றால் ஒன்று குறைத்தே சொன்னேன். ஏமாற்றுகிறேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடியும் அந்த அறை

பரீட்சை நாளன்று பஷீர் லோடோடு பாலக்காடு போயிருந்தார். மேடத்தின் இங்கிலீஷுக்குப் பயந்து பர்வீன் என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள். பள்ளி வாசலில் நசீமா நின்றாள். கண்ணை மூடி, யாருக்கும் கேட்காமல் ஒரு முறை உதட்டை அசைத்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

மேடம் ஒரு கிண்ணத்தையும் ஒரு தட்டையும் மேஜைமேல் வைத்தார். "இந்தக் கிண்ணத்துல நாலு மிட்டாய் இருக்கு. தட்டுல எத்தனைன்னு எண்ணு. எதுல அதிகம்?"

நசீமா தட்டைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்தாள்.

"இத யாருங்க எண்ணுனது?"

"நான்தான்."

"லாபம் சொல்லி எண்ணுனீங்களா, சொல்லாம எண்ணுனீங்களா?"

மேடம் புருவத்தைச் சுருக்கி, "என்ன லாபம்? கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா" என்றார். இந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். குழந்தையின் கேள்வியில் உள்ள நுட்பத்தை மேடத்துக்குப் புரியவைக்க வேண்டும் என்ற ஆசை.

"மேடம், கடையில எண்ணறது ஒரு முறை, பள்ளிக்கூடத்துல எண்ணறது ஒரு முறை. அதைத்தான் கேக்கறா. இப்பப் பாருங்க, பள்ளிக்கூட முறைப்படி நான் எண்ணிக் காட்டறேன்" என்று சொல்லி, விரலை நீட்டி, கணீரென்று எண்ணினேன்:

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு! ரெண்டும் சமம்!"

இதற்கப்புறம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நசீமா என் சட்டை நுனியை இழுத்தாள்.

"மாமா, லாபம் வாசல்லயே சொல்லியாச்சுங்க."

என்னை நகர்த்திவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்து எக்கி நின்று, அவளே எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொரு மிட்டாயையும் விரலால் தொட்டாள். எதுவும் ஓரமாகப் போகவில்லை.

"தட்டுலதாங்க மேடம் ஜாஸ்தி. ஒண்ணு ஜாஸ்தி."

"அது எது அந்த ஒண்ணு?"

"மாமா வுட்டுட்டாங்கல்ல, அதுங்க."

மேடம் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது பர்வீனுக்கே அன்றுதான் தெரியும். "ஒண்ணாவதுக்குப் புஸ்தகம் வாங்கிக்கங்க" என்று பர்வீனிடம் சொன்னார். பர்வீன் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். வெளியே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்றே நன்றி சொன்னாள்.

எதற்காக எனக்கு நன்றி என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் தப்பாக எண்ணினேன், அவள் சரியாக எண்ணினாள். ஒருவேளை பக்கத்தில் ஒருவன் தப்பாக எண்ணினால்தான் சிலருக்குத் தைரியம் வருமோ என்னவோ. அப்படியென்றால் என் பள்ளிப்பருவம் முழுவதும் நான் செய்தது பெரிய சமூக சேவை. நன்றி சொல்ல வேண்டியவன் நான். சரோஜா டீச்சரின் கைக்கு இத்தனை காலம் கழித்து ஒரு பதில் கொடுத்த மாதிரி அன்று இருந்தது. அதற்கு வழி செய்தவள் நசீமா.

பள்ளி திறந்த அன்று காலை, பஷீர் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டை முட்டை கொடுத்தனுப்பியிருந்தார். தெருவில் நசீமா புதுச் சீருடையில் நின்றாள். பின்னால், அவளைவிட ஒரு சாண் உயரமாக, யூகேஜி இம்ரான். அவள் அவனிடம், "ரோட்டுல அக்கா கையப் புடிச்சுட்டுத்தான் வரோணும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நிறைந்த மனதோடு சும்மா இருந்திருக்கலாம். பாராட்டு கேட்கிற வழக்கம் எழுத்தாளனை விடாது.

"ஏன் சாமி, மாமாகிட்டப் படிச்சது உனக்கு லாபம்தானே?"

நசீமா தலையைச் சாய்த்து, விரல்களை மடக்கி, கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"எனக்கு ரெண்டு தட்டுவடதாங்க குடுத்தீங்க. மிச்சமெல்லாம் நீங்கதான தின்னீங்க. லாபம் உங்களுக்குத்தானுங்க மாமா."